ஆட்டுக்கால் போல

கொல்லிமலைக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. நாமக்கல்லில் வளர்ந்தவனுக்கு அது வீட்டு மொட்டைமாடி மாதிரி. பைக்கை எடுத்தால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சோளக்காடு. காலேஜ் நாட்களில், பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் எத்தனையாவது வளைவில் வாந்தி எடுப்பான் என்று பந்தயம் கட்டுவோம். இத்தனை தடவை போயும் அந்த மலையில் எதையாவது உற்றுப் பார்த்திருக்கிறேனா என்ற சந்தேகம் எனக்கு முப்பது வயதைத் தாண்டித்தான் வந்தது. வரவழைத்தது ஒரு கிழங்கு.

முடவாட்டுக்கால் என்றால் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு உடனே தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படர்கிற ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. தாவரவியலில் பெயர் ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா. கிழங்கு என்கிறோமே தவிர, மண்ணுக்குள் விளைவதில்லை. பாறை மேல் ஊர்ந்து தடித்துக் கிடக்கும். மேலே முழுக்கப் பழுப்பு நிறத்தில் ரோமம் போன்ற செதில். அதைச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்துக் கொதிக்கவிட்டால் சூப். ஆட்டுக்கால் சூப் மாதிரியே இருக்கும் என்பார்கள். எனக்குக் கெட்டியான மிளகு ரசம் மாதிரி இருந்தது. மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆகாயகங்கை அருவிக்குப் போகிற ஆயிரத்துச் சொச்சம் படிகளை இறங்கி ஏறிவிட்டு வருகிறவர்களிடம் மூட்டுவலிக்கு மருந்து என்று எதைச் சொன்னாலும் விற்கும் என்பது வேறு விஷயம்.

பெயரை 'முடவன் ஆட்டுக்கால்' என்று பிரிக்கிறவர்கள் உண்டு. 'முடவனையும் ஆட்டும் கால்' என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கிறது. முதலாவதுதான் நம்பும்படி இருக்கிறது. யாரோ ஒருவர் பாறையில் அதைப் பார்த்து, 'அட, ஆட்டுக்கால் போல இருக்கே' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் 'போல'வில்தான் எனக்கும் சிக்கல் ஆரம்பித்தது.

பகலில் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு பேக்எண்ட் எழுதுகிறேன். நண்பன் ஒருவன் மலைப்பொருள் விற்கும் சின்ன ஆன்லைன் கடை வைத்திருக்கிறான். மிளகு, காப்பிக்கொட்டை, தேன், சாமை, சீசனுக்கு முடவாட்டுக்கால். அந்தக் கடைக்கு எஸ்.இ.ஓ. பார்த்துக்கொடுப்பது என் ராத்திரி வேலை. தேடுகிறவர் கண்ணில் முதலில் நம் கடை படவேண்டும், அவ்வளவுதான். ரொம்ப நாள் அது சொற்களை வைத்துச் செய்கிற வேலையாக இருந்தது. ஒருவர் 'முடவாட்டுக்கால்' என்று தேடுவார், இன்னொருவர் ஒற்று விட்டு எழுதுவார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் அஞ்சு விதமாக அடிப்பார். அத்தனையையும் பக்கத்தில் எங்காவது நுழைத்துவைக்க வேண்டும். சொல்லைத் திணிப்பதில் ஒரு அசிங்கம் இருந்தது. அது அசிங்கம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மனசாட்சி அதிகம் தொந்தரவு செய்ததில்லை. விளம்பர போர்டு எழுதுகிறவனுக்கு என்ன குற்றவுணர்வு?

படத்தை வைத்துத் தேடுவது பெருகியபோதுதான் ஆட்டம் மாறியது. 2000 பிப்ரவரியில் கிராமி விழாவுக்கு ஜெனிஃபர் லோபஸ் அணிந்து வந்த பச்சை உடையை உலகமே தேடியது. கூகிளில் அதுவரை இல்லாத அளவு தேடல்; ஆனால் தேடியவர்களுக்குக் கிடைத்ததோ நீல நிற லிங்குகள், உடை இல்லை. படத்தேடல் பிறந்தது அதனால்தான் என்று எரிக் ஷ்மிட் பின்னாளில் எழுதினார். 2001 ஜூலையில் அது வந்தது. அப்போதும் நீங்கள் சொல்லைக் கொடுக்கவேண்டும், அது படத்தைக் கொடுக்கும். படத்தையே கேள்வியாகக் கொடுப்பதை 2008இல் டின்ஐ செய்தது, 2011இல் கூகிளும் செய்தது. 2017இல் பின்டரெஸ்டும் கூகிளும் ஆளுக்கொரு 'லென்ஸ்' கொண்டுவந்தபோது போன் கேமராவே தேடல் பெட்டியாகிவிட்டது. 2024 அக்டோபரில் கூகிள் சொன்ன கணக்கு: மாதத்துக்குக் கிட்டத்தட்ட 2000 கோடி தேடல்கள் லென்ஸ் வழியாக, அதில் ஐந்தில் ஒன்று ஏதாவது வாங்குவது தொடர்பானது.

இதில் ஒரு பெரிய நல்லது நடந்திருப்பதை மறைக்கக்கூடாது. பெயர் தெரியாதவருக்கு இதுவரை தேடலில் இடமே இருந்ததில்லை. பெயரைத் தெரிந்துகொள்ளத்தானே தேடுகிறோம், ஆனால் தேடப் பெயர் வேண்டும். கதவின் சாவி கதவுக்கு அந்தப்பக்கம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் டைப் அடிக்க வராது, தமிழில் அடிக்கப் பொறுமை கிடையாது. இப்போது தோட்டத்தில் முளைக்கிற எதையும் போனை நீட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு வாட்ஸப்பில் 'இது பேர் இதாமே' என்று அனுப்புகிறார். பாதி தப்பு. ஆனால் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார்.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு நியூரல் நெட்வொர்க் படத்தைச் சில நூறு எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களை ஒரு பிரம்மாண்டமான வெளியில் ஒரு புள்ளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுபோல இருக்கும் படங்கள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாக விழும். நீங்கள் எடுத்த படமும் ஒரு புள்ளி. அதற்கு மிக அருகில் இருக்கும் புள்ளிகளை எடுத்துக் காட்டினால் வேலை முடிந்தது. 'இது என்ன' என்ற உங்கள் கேள்வி 'இது எதைப் போல' என்று மாறி, பதில் மட்டும் 'இது இன்னது' என்று வருகிறது. இந்த மாற்றம் கண்ணில் படாமல் நடந்துவிடுகிறது.

எஸ்.இ.ஓ.காரனுக்கு இதில் என்ன வேலை என்றால், ஜனங்கள் எடுக்கப்போகும் படங்கள் எங்கே விழும் என்று ஊகித்து, அந்த இடத்தில் தன் படத்தை முன்கூட்டியே நிறுத்திவைப்பது. பின்னணி சுத்தமாக இருக்கவேண்டும். ஒரு படத்தில் ஒரு பொருள். பல கோணம். பக்கத்தில் தெளிவான வாசகம், கோப்புக்கு ஒழுங்கான பெயர், ஆல்ட் வாசகம். ஆல்ட் என்பது படத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு வரி. படம் தெரியாதபோது, முக்கியமாகப் பார்வையில்லாதவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் வாசித்துச் சொல்வதற்காக, வைத்தது. அதில் நாங்கள் எழுதிவைத்தது: 'கொல்லிமலை ஒரிஜினல் முடவாட்டுக்கால் கிழங்கு ஆன்லைனில் வாங்க குறைந்த விலை.' பார்வையில்லாத ஒருவர் 'இந்தப் படத்தில் என்ன இருக்கிறது' என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் அது.

படம் எடுத்ததும் நானே. நண்பன் ரெண்டு கிலோ கொரியரில் அனுப்பினான். பிரித்தால் மண்ணும் செதிலுமாக முப்பது துண்டு இருக்கும். பாதி உடைந்தது, சிலது இஞ்சி மாதிரி கிளைத்தது, சிலது எதைப் போலவும் இல்லாமல் சும்மா ஒரு கட்டை. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஆட்டுக்கால் போல இருப்பதைத் தேடினேன். ஒன்று இருந்தது. நீளமாக, நுனியில் லேசாக மடங்கி, குளம்பு மாதிரியே. பழைய டூத்பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினேன். ரோமத்தை ஒரே பக்கமாகச் சீவிவிட்டேன். வெள்ளை சார்ட் பேப்பரில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பதினோரு கோணங்களில் எடுத்தேன். மிச்சத்தில் அம்மா சூப் வைத்தார். படங்கள் ஏறி ரெண்டு மூணு மாதத்தில், யாராவது முடவாட்டுக்காலைப் போனில் காட்டினால் வருகிற வரிசையில் எங்கள் வெள்ளைப் பின்னணிக் கால் முன்னால் வந்து நின்றது. நண்பன் பிரியாணி வாங்கிக்கொடுத்தான்.

அதற்கப்புறம்தான் சோளக்காட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். சாலையோரத்தில் சாக்கு விரித்து, பலாச்சுளை, மலைவாழை, அன்னாசி, கூடவே ஒரு குவியல் முடவாட்டுக்கால். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காரில் வந்த ஒரு ஜோடி இறங்கியது. என் வயசுதான் இருக்கும், ஐ.டி. ஆட்கள் என்று டி-ஷர்ட்டே சொன்னது. அந்தப் பெண் குவியலுக்கு மேலே போனை நீட்டினாள். ஸ்கிரீனைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள்.

"இது அது இல்லையே, படத்துல வேற மாதிரி இருக்கு."

"அதேதாங்க. இந்த மலைல இது ஒண்ணுதான்," என்றார் அந்த அம்மா.

"ஒரிஜினல் இப்படி இருக்காதுங்க. பாருங்க."

போனைத் திருப்பி அவரிடமே காட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். என் ஜன்னல் வெளிச்சம், என் சார்ட் பேப்பர்.

அந்த அம்மா ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தார். "நல்லா கழுவி எடுத்திருக்காங்க," என்றார். அந்த ஜோடி அன்னாசி மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. நான் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். நான்தான் அந்தப் படத்தை எடுத்தவன் என்று சொல்லவில்லை. இப்படி அடிக்கடி நடக்குமா என்று கேட்டதற்கு அவர் சொன்னது:

"தெனமும் யாராச்சும் வர்றாங்க தம்பி. போட்டோல இருக்கற மாதிரி குடுங்கறாங்க. நீட்டமா, முழுசா இருக்கணுமாம். அதனால அப்படி இருக்கறத முன்னாடி எடுத்து வெச்சிருவோம். ஒடஞ்சது, குட்டையானது எல்லாம் சூப்புக் கடைக்கு, கம்மி வெலைக்கு."

"ருசி வேறயா இருக்குமாங்கம்மா?"

சிரித்தார். "கால் நொண்டினா கறி கசக்குமா?" கொஞ்சம் கழித்து, தானாகவே சொன்னார்: "முன்னெல்லாம் ஒரு துண்டு ஒடச்சுகிட்டு மிச்சத்தப் பாறையிலயே விட்டுட்டு வருவோம், அது மறுபடி படரும். இப்ப முழுசாக் கேக்கறாங்களே, அடியோட பேத்துத்தான எடுக்க வேண்டியிருக்கு."

என் ஒரு படத்தால் கொல்லிமலைப் பாறைகள் மொட்டையாகின்றன என்று சொன்னால் அது அகம்பாவம். யூடியூபில் இந்தக் கிழங்கைக் காட்டுகிற வீடியோக்களுக்குக் கணக்கில்லை, அவற்றிலெல்லாம் முழுக்கால்தான். ஆனாலும் அந்தக் குனிந்து பார்த்த நிமிஷம் என்னை விடவில்லை. வாழ்க்கை முழுக்க அதைப் பாறையிலிருந்து எடுத்தவர், தான் எடுத்தது அதுதானா என்று, பாறையைத் தொட்டே பார்க்காத ஒருவன் பெங்களூர் சமையலறையில் எடுத்த படத்திடம் சான்றிதழ் வாங்கவேண்டியிருந்தது.

நான் பொய் சொன்னேனா? இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். படத்தில் இருந்தது உண்மையான முடவாட்டுக்கால். அது கொல்லிமலையிலிருந்து வந்தது. மண்ணைத் தட்டினேன், ரோமத்தைச் சீவினேன், அவ்வளவுதான். சொல்லைத் திணித்தபோது வராத உறுத்தல், எந்தப் பொய்யும் சொல்லாத இந்தப் படத்தில் ஏன் வருகிறது?

இந்திய தர்க்கத்தில் இதற்கென்றே ஒரு கதை இருக்கிறது. நியாய மரபு அறிவுக்கு நான்கு வழிகளை ஒப்புக்கொள்கிறது: காட்சி, அனுமானம், உவமானம், நம்பத்தக்கவர் சொல். உவமானத்துக்கு அவர்கள் தருகிற உதாரணம் ஒரு நகரத்து ஆள். அவருக்குக் கவயம் என்ற மிருகத்தைத் தெரியாது. காட்டில் வாழ்கிறவர் ஒருவர் அவரிடம், 'கவயம் பசுவைப் போல இருக்கும்' என்கிறார். பின்னொரு நாள் காட்டுக்குப் போகும்போது பசுவைப் போல ஒன்று எதிரில் நிற்கிறது. கேட்டது ஞாபகம் வருகிறது. 'ஓ, இதுதான் கவயம்.' பெயரும் பொருளும் சேர்ந்துவிட்டன. மணிமேகலையில், வஞ்சி நகரில் அளவைவாதி தன் அளவைகளை அடுக்கும்போது உவமத்துக்கு இதே கவயத்தைத்தான் சொல்கிறான். 'அளவை' என்ற சொல்லைப் பாருங்கள். பிரமாணம் என்பதற்குத் தமிழ் கொடுத்திருப்பது படிக்கும் மரக்காலுக்கும் கொடுத்த அதே சொல்லை.

படத்தேடல் இயந்திரம் உவமானத்தை ஆலை வைத்து உற்பத்தி செய்கிறது என்று முதலில் தோன்றியது. யோசித்தால், கதையில் மூன்று பேர் தேவை: நகரத்து ஆள், மிருகம், காட்டில் வாழ்கிறவர். மூன்றாமவரின் சொல் இல்லாமல் ஒற்றுமை மட்டும் இருந்தால், நகரத்து ஆள் 'என்னவோ பசு மாதிரி நிற்கிறது' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார், பெயர் கிடைத்திருக்காது. உவமானம் தனி அளவையே இல்லை, பிரித்துப் பார்த்தால் வேறு வழிகளுக்குள் அடங்கிவிடும் என்று வாதிட்டவர்கள் உண்டு. பௌத்தரான திக்நாகர் காட்சி, அனுமானம் என்ற இரண்டுக்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சண்டைக்குள் போக எனக்குத் தகுதி கிடையாது. எனக்கு வேண்டியது ஒரே கேள்வி: போனில் அந்த மூன்றாமவர் யார்?

இது என் தொழில் என்பதால் பதில் தெரியும். இயந்திரத்துக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே மனிதர்கள் சொன்ன பெயர்கள்தான். 2009இல் ஃபெய்-ஃபெய் லீ குழு வெளியிட்ட இமேஜ்நெட்டில் கோடிக்கும் மேலான படங்கள். அமேசானின் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் துண்டுக்கூலிக்கு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து 'ஆமாம், இது இன்னது' என்று சொன்னவை. பிறகு அதற்கும் பொறுமை இல்லாமல், இணையத்தில் படங்களோடு ஏற்கனவே ஒட்டிக்கிடந்த வாசகங்களையே வாரி எடுத்தார்கள். 2021இல் கூகிள் ஆய்வாளர்கள் அலைன் என்ற மாதிரியைப் பயிற்றுவித்தது 180 கோடி படம்–ஆல்ட் வாசக ஜோடிகளில். இரைச்சல் நிறைந்த தரவு என்று அவர்களே சொன்னார்கள். அளவு பெருத்தால் இரைச்சல் அமுங்கிவிடும் என்பது எதிர்பார்ப்பு. 2022இல் வந்த லயான் தொகுப்பில் அப்படி 585 கோடி ஜோடிகள்.

ஆல்ட் வாசகங்களை எழுதியது யார்? நாங்கள். 'ஒரிஜினல்', 'குறைந்த விலை' என்று எழுதிய நாங்கள். பார்வையில்லாதவருக்காக ஒதுக்கிய இடத்தில் விளம்பரம் எழுதினோம். பார்வையில்லாத இயந்திரம் அதை வாசித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது. எஸ்.இ.ஓ. உலகில் பேசுகிற பேச்சு, படத்தேடல் வந்தபின் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டது என்பது. எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. சொல் போகவில்லை, சொன்னவர் முகம் போய்விட்டது. நாங்கள் எழுதியபோது அது விளம்பரம் என்று படிக்கிறவருக்குத் தெரியும், பாதியைத் தள்ளிவிடுவார். அதே சொல் இயந்திரத்தின் பார்வையாகத் திரும்பி வரும்போது தள்ளுவதற்கு ஆளில்லை. யாரும் சொல்லாமல், தானாகத் தெரிந்த மாதிரி வருகிறது.

நியாய நூலுக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவருக்கு, அதாவது ஆப்தருக்கு, இலக்கணம் சொல்கிறார். பொருளை நேராக அறிந்திருக்க வேண்டும். அறிந்தபடியே சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் இருக்க வேண்டும். ரிஷி, ஆரியர், மிலேச்சர் மூவருக்கும் இந்த இலக்கணம் பொது என்கிறார் (எனக்கு அந்த உரையில் மிகப் பிடித்த இடம்). இதன்படி சோளக்காட்டு அம்மா ஆப்தர். நான் ரெண்டிலும் ஃபெயில். ஆனால் அந்தச் சாலையோரத்தில் சாட்சிக் கூண்டில் நின்றது அவர், அளவுகோலாக நீட்டப்பட்டது என் படம்.

ஒரு எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். கடைக்காரர்கள் காலங்காலமாக நல்ல தக்காளியை மேலேதான் அடுக்குகிறார்கள், அதிலென்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனால் மேலே இருக்கும் தக்காளி குவியலோடு சேர்ந்துதான் கண்ணில் படும். கையை விட்டுக் கீழே இருப்பதைப் புரட்டலாம், சண்டை போடலாம். என் வெள்ளைப் பேப்பரில் குவியல் கிடையாது. முப்பதில் ஒன்று என்ற தகவலை நான்தான் அழித்தேன். 'இப்படியும் இருக்கும்' என்று காட்டவேண்டிய படம், 'இப்படித்தான் இருக்கும்' என்று ஆனது. பொய் எங்கே இருந்தது என்று தேடினால், நான் எடுத்த படத்தில் கிடைக்காது. எடுக்காமல் விட்ட இருபத்தொன்பதில் இருக்கிறது.

முடவாட்டுக்கால் விஷயத்தில் மிஞ்சிப்போனால் ஒரு வியாபாரம் தவறும். எல்லாக் கிழங்கும் அவ்வளவு சாது கிடையாது. செங்காந்தள் நம் மாநில மலர்; படம் எடுத்தால் அதைவிட அழகாக விழுகிற பூ குறைவு. அதன் கிழங்கு, கண்வலிக்கிழங்கு, கோல்கிசின் என்ற நஞ்சு நிறைந்தது. இலங்கையில் கார்த்திகைப்பூ என்பார்கள். வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து அதைத் தின்று இறந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. மண் ஒட்டிய ரெண்டு கிழங்குகள், ஒன்றைப் போல ஒன்று. அங்கே ஒற்றுமையை நம்பாதே, பக்கத்தில் தெரிந்த ஆள் இருக்கிறாரா பார் என்று சொல்லத்தான் மூன்றாமவர் தேவைப்படுகிறார். அவர் பேச்சைக் கேட்கிற பழக்கத்தையே போன் நீட்டுகிற பழக்கம் தின்றுவிட்டால், ஒருநாள் அவர் சொல்வதை நிறுத்திவிடுவார்.

இந்த மலைக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. கொல்லிப்பாவையை யாராவது பார்த்திருக்கிறார்களா? வல்வில் ஓரியின் மலையில் இருந்த அழகிய பாவை என்று குறுந்தொகை சொல்கிறது. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே புரண்டாலும் அதன் அழகு மாறாது என்று நற்றிணையில் பரணர் சொல்கிறார். சிரித்துக் கொல்லும் என்று பிற்காலக் கதைகள். காதலியை அதற்கு ஒப்பிடுகிறார்கள். அதை யாருக்கு ஒப்பிடுவது என்று கேட்டால் பதில் கிடையாது. எல்லோரும் அதைப் போல, அது எதைப் போலவும் இல்லை. பள்ளியில் படிக்கும்போது அதை ஒரு பேய்க்கதையாக மட்டும் நினைத்தேன். மண் ஒட்டாத, உடையாத, எந்த வானிலையிலும் மாறாத ஒரு உருவம் இருந்தால், அதன் முன்னால் நிஜமாக இருப்பதெல்லாம் கொஞ்சம் குறைபட்டதாகத்தான் தெரியும் என்பது இப்போது தோன்றுகிறது. சார்ட் பேப்பரில் நானும் அப்படி ஒன்றைத்தான் நிறுத்திவைத்தேன் என்று சொன்னால் பரணர் மன்னிக்கமாட்டார், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அன்றைக்கு அந்த அம்மாவிடம் அரைக் கிலோ வாங்கினேன். முன்னால் வைத்திருந்ததை எடுத்தார். பின்னால் இருந்து கொடுங்கள் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார். "சூப்புக் கடை வெச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் அனுமதியோடு சாக்கின் மேலேயே வைத்து நாலு படம் எடுத்தேன். திரும்பும்போது நானே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன், மூன்று கோணத்தில் போனைக் காட்டினேன். ஒருமுறை தேங்காய் நார் என்றது, ஒருமுறை ஏதோ மிருகத்தின் கால் என்றது. மூன்றாவது தடவை சரியான லத்தீன் பெயரைச் சொல்லி, பக்கத்தில் என் வெள்ளைக் காலைக் காட்டியது.

நண்பனிடம் சொன்னேன். முழுக்கதையும் கேட்டான், அவனுக்கும் வருத்தம்தான். ஆனால் கடை வாடகை, கூரியர் பாக்கி எல்லாம் அவன் தலையில். "முதல் படத்தை மாத்தினா ஆர்டர் விழும்டா. நீயே சொல்லு, மண்ணோட இருக்கறத யாரு கிளிக் பண்ணுவா?" நான்தான் அவனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன், நானே எப்படி மறுப்பது. கடைசியில் பேரம் படிந்தது. வெள்ளைப் பின்னணி முதல் படமாகவே இருக்கும். சாக்குப் படம் ஏழாவதாகப் போகும். உடைந்த துண்டுகளையும் அதே விலைக்கு வாங்குவதாக ஒத்துக்கொண்டான். முழுக்கால் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு 'துண்டுதான் வரும், சூப்புக்கு ஒன்றுதான்' என்று ஒரு வரி சேர்த்தோம். ஒரு மாதத்தில் மூன்று பேர் பொருளைத் திருப்பி அனுப்பினார்கள். வந்த பார்சலைப் படத்தோடு சேர்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து, 'ஏமாற்று வேலை' என்று ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டிருக்கிறார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொல்வது சரி.

ஏழாவது படத்தை ஏற்றும்போது ஆல்ட் பெட்டி காலியாக என் முன் இருந்தது. பழைய வரியை ஒட்டப்போய் நிறுத்தினேன். பார்வையில்லாத ஒருவர் கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்து, அரைமணி நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழங்கை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. எழுதியது இது: 'சோளக்காட்டுச் சாலையோரம், ஈரச் சாக்கின் மேல் முடவாட்டுக்கால் துண்டுகள் ஐந்து. பழுப்பு ரோமம், மண், உடைந்த இடத்தில் வெளிர்பச்சை. பெயரில்தான் ஆட்டுக்கால், இவற்றில் ஒன்றுகூட ஆட்டுக்கால் போல இல்லை.'

மறுநாள் நண்பன் போன் பண்ணினான். "கடைசி வரி எதுக்குடா? வாங்கறவனுக்குச் சந்தேகம் வராதா?"

நான் இன்னும் அதை எடுக்கவில்லை. அவனும் இன்னும் எடுக்கவில்லை.